உறங்கும் சுருளை எழுப்புகிறவர்கள்

தானுண்டு தன் தலையுண்டு என்று இருக்கத் தெரியாத ஓர் இனம் நம்மிடையே பெருகிவருகிறது. பஸ்ஸில் உங்களுக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்து உங்கள் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டு வருவார்கள். லிஃப்ட்டில் உங்கள் கண்ணைப் பார்த்துப் பேச ஆரம்பித்து, மெல்ல நெற்றிக்கு ஏறி, வகிட்டில் போய் நிலைத்துவிடுவார்கள். கல்யாண வீட்டில் சாப்பிட்டாயிற்றா என்று கேட்பதற்கு முன்னால் என்ன ஷாம்பு போடுகிறீர்கள் என்று கேட்பார்கள். நீங்கள் பதில் சொன்னதும் அவர்கள் முகத்தில் இழவு வீட்டு இரக்கம் ஒன்று படரும். பாவம், நல்ல குடும்பத்துப் பெண், இன்னும் சீப்பால் வாரிக்கொண்டிருக்கிறாளே!

இவர்கள்தான் சுருள்முடிப் பிரசாரகர்கள். சுருள்முடியோடு பிறந்த எல்லோரையும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அவர்களில் பெரும்பாலோர் சாதுக்கள். எண்ணெய் வைத்து, இறுக்கிப் பின்னி, தலையெழுத்தே என்று போய்க்கொண்டிருப்பவர்கள். இங்கே சொல்வது, என்றோ ஒருநாள் செல்போனில் ஒரு வீடியோவைப் பார்த்து ஞானம் பெற்று, அன்றிலிருந்து வாயை மூட மறந்துபோனவர்களை.

திருப்பதியில் ஒரு தனியார் மருத்துவமனையின் பில் கவுண்ட்டரில் உட்கார்ந்திருக்கும் கன்னிகா அப்படி ஞானம் பெற்றவள்.

அவள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். சித்தூரில் அவள் பள்ளிக்குப் போன நாட்களில், காலையில் அந்தத் தெருவுக்கு அலாரம் தேவைப்படவில்லை. அம்மா சீப்பை இழுப்பாள், கன்னிகா அலறுவாள், பால்காரர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு முடிந்த பிறகு வருவார். சீப்பு உடைந்தால் திட்டு விழுவது சீப்புக்கு அல்ல. வகுப்பில் அவளுக்குப் பெயர் 'கூடு'. குரூப் போட்டோ எடுத்தபோது, பின்னால் நிற்கிற பெண்ணின் முகம் தெரியவில்லை என்று டீச்சர் அவளைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். அவள் குட்டை, ஆகவே அந்தப் போட்டோவில் இருப்பது முடி மட்டும்தான். வேலைக்குப் போய் முதல் காரியமாக பார்லரில் உட்கார்ந்து அதை நேராக்கிக்கொண்டாள். பெண் பார்க்க வந்த ரவி கண்டது கம்பிபோல இறங்கிய கூந்தலை. கல்யாணம் முடிந்து சில மாதங்களில் வேரிலிருந்து உண்மை முளைக்க ஆரம்பித்தது.

"இன்னாடி இது? மேல ஒருத்தர் முடி, கீழ ஒருத்தர் முடியாட்டம் இருக்குது?" என்று ரவி சாதாரணமாகத்தான் கேட்டான். அவள் அன்று முழுக்க அழுதாள்.

அழுது முடித்துவிட்டு செல்போனைப் பார்த்தபோதுதான் அந்த வீடியோ வந்தது. பார்லர் முடியெல்லாம் வெட்டிப்போய்ச் சொந்த முடி தோள்வரை வளர்ந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் சொன்னபடியே அலசி, கண்டிஷனரைத் தடவி, ஈரத்திலேயே விரலால் பிரித்து, உள்ளங்கையில் வைத்துக் கசக்கிக் கசக்கி விட்டு, காயும்வரை கை வைக்காமல் கட்டுப்பாடாக உட்கார்ந்திருந்து கண்ணாடியைப் பார்த்தாள். தோள்வரை சுருள் சுருளாக இறங்கி நின்றது. மறுநாள் அப்படியே விரித்துவிட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். பில் கட்ட வந்த ஒரு தெலுங்குக்கார அம்மாள், பணத்தை நீட்ட மறந்து, "உங்கரால ஜுட்டு! எந்த பாகுந்தம்மா!" என்றாள். மோதிரம் மோதிரமாக இருக்கிறதாம், எவ்வளவு அழகாம். தன் தலையில் இருப்பது கூடு அல்ல, மோதிரம் என்று ஒருவர் வாயால் கேட்க கன்னிகாவுக்கு இத்தனை வருஷமாயிற்று. பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டாம் முறையாக அழுதாள்.

அந்த அழுகையோடு விட்டிருந்தால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

விட்டாளா? முதலில் வீட்டில் துண்டுகள் ஒழிந்தன. துண்டு சுருளைக் கலைக்குமாம்; பழைய பருத்தி டீ ஷர்ட்டால்தான் ஒற்ற வேண்டுமாம். பழையது தீர்ந்ததும் புதியதும் பழையதாயிற்று. ஸ்ரீ சிட்டித் தொழிற்பேட்டைக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வரும் ரவி, தன் கிரிக்கெட் டீமின் டீ ஷர்ட்டை மனைவியின் தலையில் அடையாளம் கண்டு, டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு போனான். பிறகு, போர்த் தண்ணீரில் உப்பு அதிகம் என்று குடிக்க வாங்கிய கேன் தண்ணீரில் தலைக்குக் கடைசி அலசல் நடந்தது. ஃப்ரிட்ஜில் தோசைமாவு இருந்த இடத்தில் ஆளிவிதையைக் கொதிக்கவைத்து வடிகட்டிய ஜெல் வந்து உட்கார்ந்தது. மாவு வெளியே போய்ப் புளித்தது. பருத்தித் தலையணை உறை முடியின் ஈரத்தை உறிஞ்சிவிடும் என்று வழுவழுப்பான சாட்டின் உறை வந்தது. ரவியின் தலை ராத்திரியெல்லாம் வழுக்கி வழுக்கிக் கட்டிலுக்கு வெளியே போயிற்று.

இதெல்லாம் குடும்ப விஷயம், போகட்டும். தனக்குக் கிடைத்தது ஊருக்கெல்லாம் கிடைக்க வேண்டும் என்கிற பெருந்தன்மை ஒன்று இருக்கிறதே, அதுதான் ஆபத்து. மலையில் மொட்டை போட்டு, தலை நிறையச் சந்தனத்தோடு பஸ் ஏறுகிறவர்களைப் பார்த்தால்கூட அவளுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. "அண்ணா, கெட்டுப்போன முடியெல்லாம் போயிடுச்சு, இனிமே மொளைக்கிறதயாச்சும் ஒழுங்கா பாத்துக்கோங்க" என்று ஒரு பெரியவரின் மொட்டைத் தலைக்குப் பின்னால் உட்கார்ந்து ரேணிகுண்டாவரை பேசிக்கொண்டு போனாள். அவர் பெருமாளை நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்து கவுண்ட்டர் சபீனா தலையில் முக்காடு போடுகிறவள். காதோரம் தப்பி வெளியே வந்த நாலு முடியைப் பார்த்துவிட்டு, "சபீனா, உனக்கு உள்ள சுருளு இருக்குது" என்றாள் கன்னிகா.

"எனக்கு உள்ள அசிடிட்டிதான் இருக்குது. பேஷண்ட் நின்னுக்கினு இருக்காரு, பில்லப் போடு."

நேர்முடிக்காரர்களாவது தப்பித்தார்களா? அதற்கும் ஒரு சித்தாந்தம் வைத்திருந்தாள். உலகத்தில் நேர்முடி என்று ஒன்றே கிடையாது. சீப்பால் அடித்து அடித்துத் தூங்கவைக்கப்பட்ட சுருள்தான் உண்டு. எழுப்ப ஆள் வேண்டும், அவ்வளவுதான். யார் தலையில் எவ்வளவு சுருள் தூங்குகிறது என்று தெரிய, ஒரு முடியைப் பிடுங்கி டம்ளர் தண்ணீரில் போட்டு, மிதக்கிறதா முழுகுகிறதா என்று பார்ப்பாள். அவளுடைய மாமனார் முனிரத்தினம் சித்தூரிலிருந்து வெயிலில் வந்து இறங்கியவர், சமையல் மேடையில் இருந்த டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு நாக்கைத் துழாவினார்.

"இன்னாம்மா, தண்ணில முடி கெடக்குது?"

கன்னிகா பதறி ஓடிவந்தாள். "ஐயோ மாமா! குடிக்கும்போது மெதந்துச்சா, முழுகிச்சா?"

முனிரத்தினம் மருமகளைப் பார்த்தார், காலி டம்ளரைப் பார்த்தார். அன்று மாலையே சித்தூருக்குத் திரும்பிவிட்டார்.

அந்தத் தண்ணீரில் கிடந்தது ரவியின் தங்கை சுலோசனாவின் முடி.

சுலோசனா பி.எட். படிக்கத் திருப்பதிக்கு வந்து அண்ணன் வீட்டில் தங்கியிருந்தாள். இடுப்புவரை அடர்ந்த, ஓடுபோட்ட வீட்டிலிருந்து மழைத்தண்ணீர் இறங்குவதுபோல நேராக இறங்குகிற கூந்தல். ஒருநாள் அவள் ஈரத் தலையோடு பின்னலை அவிழ்த்தபோது முடி லேசாக வளைந்து நின்றது. பின்னலை அவிழ்த்தால் சணல்கூடத்தான் வளைந்து நிற்கும். கன்னிகாவுக்கோ மயிர்க்கூச்செறிந்தது.

"சுலோ! அசையாத! அப்டியே நில்லு! உனக்கு எழுந்துக்கிச்சு!"

"இன்னா அண்ணி எழுந்துக்கிச்சு?" என்று அந்தப் பெண் பயந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

சுலோசனாவுக்கு அண்ணி என்றால் உயிர். காய்ச்சலில் படுத்திருந்தபோது லீவு போட்டுப் பக்கத்தில் இருந்தவள், சம்பந்தம் பேச வந்த மாப்பிள்ளை வீட்டாரிடம் கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவாள் என்று அவள் சார்பில் எழுந்து பேசியவள் அண்ணிதான். அப்படிப்பட்டவள் சொன்னால் தப்பாகுமா? மாப்பிள்ளை தருண் சித்தூரில் வங்கி ஊழியர். நிச்சயதார்த்தத்தில், ஒரு முடி பிசகாமல் படிய வாரிய தலையோடு, சிரிக்கக்கூட யோசித்து உட்கார்ந்திருந்தார். ரிசப்ஷன் மேடையில் அவர் திரும்பிப் பார்க்கிற மாதிரி தான் நிற்க வேண்டும் என்று சுலோசனாவுக்கு ஓர் ஆசை. யாருக்குத்தான் இருக்காது?

சீப்பு அன்றே குப்பைத் தொட்டிக்குப் போயிற்று. தினமும் ஜெல், தினமும் கசக்கல், ராத்திரி உச்சந்தலையில் கொண்டை. ஈரத்தில் விரல் விட்டுச் சிக்கைப் பிரிக்க வேண்டும் என்று அண்ணி சொல்லியிருந்தாள்தான். ஆனால் பரீட்சை வந்தது, டீச்சிங் பிராக்டிஸ் வந்தது, புடவை எடுக்கிற அலைச்சல் வந்தது. அவசர அவசரமாக மேலே ஜெல்லைத் தடவிக் கொண்டையைப் போட்டுக்கொண்டு ஓடினாள். கொஞ்ச நாளில் பிடரிப் பக்கத்து முடி ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள ஆரம்பித்தது.

"அண்ணி, இங்க கட்டியா இருக்குது."

கன்னிகா தொட்டுப் பார்த்தாள். "கொத்துக் கொத்தா சேருது சுலோ. சுருளு வர்றதுக்கு முன்னாடி அப்டித்தான் இருக்கும். கை வெக்காத!"

"எண்ண வெக்கிறியா பொண்ணுக்கு?" என்று மாமியார் செல்லியம்மா போனில் கேட்கும்போதெல்லாம், "எண்ணையவிட ஒசத்தியானது வெச்சிக்கினு இருக்கோம் அத்த" என்றாள்.

சித்தூரில் கல்யாண மண்டபம். சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் காலை முகூர்த்தம். மத்தியானமே அலங்காரப் பெண் பெட்டியோடு வந்துவிட்டாள். மணமகள் அறையில் சுலோசனாவை உட்காரவைத்து, கொண்டையை அவிழ்த்தாள். கொண்டை அவிழவில்லை. ஊசிகளையெல்லாம் எடுத்த பிறகும் அது கொண்டையாகவே இருந்தது. சீப்பை வைத்தாள். சீப்பு உள்ளே போயிற்று, திரும்பி வரவில்லை.

"மேடம், லோபல ஏமுந்தி? உள்ள ஏதாச்சும் வெச்சி தெச்சிருக்கீங்களா?"

அவள் பிடரி முடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டாள். "இது பிரியாதும்மா. கம்பளி மாதிரி ஆயிடுச்சு. கழுத்தோட கத்திரிச்சிட்டு சவுரி வெச்சி பூஜடை கட்டிடலாம்."

கத்திரி என்ற வார்த்தையைக் கேட்டதும் செல்லியம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "கல்யாணப் பொண்ணு தலையில கத்திரியா? கன்னிகா, உன்ன நம்பித்தான பொண்ண வுட்டேன்? பொறந்ததுல இருந்து நான் வளத்த முடிடி அது!"

மாமியாரின் அழுகைகூட கன்னிகாவை அவ்வளவு அசைக்கவில்லை. கண்ணாடியில் அவளையே பார்த்துக்கொண்டிருந்த சுலோசனா ஒன்று கேட்டாள், ஆசையாகத்தான் கேட்டாள்.

"அண்ணி, இதுதான சுருளு? எழுந்துக்கிச்சா?"

கன்னிகா அவள் முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்தாள். "இல்ல சுலோ. இது சிக்கு. உன் முடி நேர்முடி, மொதல்ல இருந்தே நேர்முடிதான். தூங்கவும் இல்ல, எழவும் இல்ல. நான்தான் பாக்கல."

சுலோசனாவுக்குக் கண்ணீர் இறங்கியது. "கத்திரிக்க வேணான்னு சொல்லுங்க அண்ணி."

"கத்திரிக்க மாட்டேன். யாரும் கத்திரிய எடுக்கக் கூடாது" என்று கன்னிகா எழுந்தாள். சமையற்கட்டிலிருந்து ஒரு கிண்ணம் தேங்காயெண்ணெய் வந்தது. பையிலிருந்து கண்டிஷனர் புட்டி வந்தது. செல்லியம்மாவின் பெட்டியிலிருந்து சீப்பு வந்தது. கன்னிகா அதைக் கூசாமல் வாங்கிக்கொண்டாள். நுனியிலிருந்து ஆரம்பித்தாள். நாலு நாலு முடியாக, ஊசி முனையால் நெம்பி, விரலால் பிரித்து, எண்ணெய் விட்டு, சீப்பால் வாரி, பிறகு அதற்கு மேலே கொஞ்சம். இழுக்கும்போது வேரில் வலிக்காமல் இருக்க மறு கையால் மேலே இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில் அவளுக்கு யாரும் அப்படிப் பிடித்ததில்லை. உதிர்ந்தது கொஞ்சம், பிரிந்து வந்தது பெரும்பகுதி. செல்லியம்மா அழுகையை நிறுத்திவிட்டு, எதிர்ப்பக்கம் உட்கார்ந்து இன்னொரு கொத்தைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

இதெல்லாம் நடக்கும்போது மேடையில் தருண் தனியாக நின்றுகொண்டிருந்தார். கோட்டு சூட்டு, கழுத்துவரை பொத்தான், முகத்துக்கு நேரே வீடியோக்காரரின் விளக்குகள், பக்கத்தில் காலியான நாற்காலி. வந்தவர்கள் அவருக்கு மட்டும் கைகொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். "அலங்காரம் நடந்துக்கினு இருக்குது" என்று முனிரத்தினம் சம்பந்தி வீட்டாரிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"அலங்காரமா, இல்ல கோபுரம் எழுப்பறீங்களா?" என்றார் மாப்பிள்ளையின் தாய்மாமன்.

ரவி மச்சானுக்கு விசிறினான். சித்தூர் வெயில் சாயங்காலமாகிவிட்டது என்பதற்காகவெல்லாம் இறங்கிப் போகாது. முதலில் தருணின் நெற்றி வியர்த்தது. பிறகு காதோரம். அப்புறம், படிய வாரிய தலையின் ஓரத்தில் ஒரு முடி மெல்ல எழுந்து, யோசித்து, வளைந்தது. அதைப் பார்த்து இன்னொன்று. மாப்பிள்ளையின் அம்மா மேடையேறி, போட்டோவுக்குச் சரிசெய்கிற மாதிரி அதைக் கைக்குட்டையால் அமுக்கினாள். கையை எடுத்ததும் அது மறுபடி எழுந்தது.

கடைசியில் சுலோசனா வந்தாள். எண்ணெய் மினுங்க வாரி, நேராக, இடுப்புவரை ஒற்றைப் பின்னல், அதன் மேல் மல்லிகை. மண்டபத்துப் பெண்கள் 'அம்மாடி, எம்மாம் நீட்டு!' என்றார்கள். தருண் திரும்பிப் பார்த்தார், பார்த்த மாதிரியே நின்றார். சுலோசனாவுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனால் அவள் முகத்தில் ஒரு திகைப்பு. எல்லோர் முகத்திலும் அதே திகைப்புதான். நிச்சயதார்த்தத்தில் பார்த்த மாப்பிள்ளையின் தலை அங்கே இல்லை. நெற்றியிலிருந்து பிடரிவரை குட்டிக் குட்டியாய், கறுகறுவென்று, தேர்ந்த ஆசாரி வளைத்த மாதிரி சுருள்கள்.

எண்ணெய்க் கையோடு தூணுக்குப் பின்னால் நின்ற கன்னிகா சற்று முன்புதான் ஒரு சபதம் செய்திருந்தாள்: இனி எவர் தலையைப் பற்றியும் வாய் திறப்பதில்லை. குலதெய்வத்தின் மேல் ஆணை. அந்தச் சபதம் மேடையின் மூன்றாவது படிவரை தாக்குப்பிடித்தது.

"தம்பி," என்று குனிந்து மெதுவாகக் கேட்டாள். "மெஷின் வெச்சி இஸ்திரி போட்டு வந்தீங்களா?"

தருணின் முகம் வெளிறியது. "அக்கா, யார்கிட்டயும் சொல்லாதீங்க. ஸ்கூல்ல இருந்தே 'பரட்ட'ன்னு கூப்புடுவாங்க. தெனமும் காலைல போட்டுக்கினுதான் பேங்க்குக்குப் போறேன்."

கன்னிகாவுக்குக் கடைசி வரிசையில் நின்ற ஒரு பெண் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு, வீடியோக்காரர் 'சைட்ல பாருங்கம்மா, சைட்ல!' என்று கத்த, சாப்பாட்டுப் பந்தி முடியப்போகிறது என்று ரவி சைகை காட்ட, அவள் ஆரம்பித்தாள். "தம்பி, மொதல்ல அந்த மெஷினத் தூக்கிப் போடுங்க. அப்பறம் கண்டிஷனர்..." சுலோசனா கணவனாகப் போகிறவரின் தலையையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான் ஆல்பத்தின் அட்டையில் இருக்கிறது.

கதை இங்கே முடிந்திருந்தால் எல்லோருக்கும் நல்லது. சில மாதங்கள் கழித்து சுலோசனாவிடமிருந்து வீடியோ கால் வந்தது. "அண்ணி, அவரு பாத்ரூம் உள்ள போயி எம்மா நேரமாச்சு, வெளியவே வரல. என் டம்ளரெல்லாம் முடி மெதக்குது. மேனேஜருக்கு வழுக்கத் தல, அவருக்கே கிளாஸ் எடுத்துட்டு வந்திருக்காரு!" கன்னிகா பெருமையில் பூரித்து, தருண் வெளியே வந்ததும் அவரையே பேசச் சொன்னாள். வீடியோவில் வந்தவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை. கண்ணைச் சுருக்கி அவள் தலையையே பார்த்தார். அவர் முகத்தில் ஓர் இரக்கம் படர்ந்தது.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க பண்றது பழைய முறை. அந்த ஜெல்லு உங்களுக்கு ஆகாது. நுனியெல்லாம் மெத்தப் பாழாகிக்கினு இருக்குது. நான் ஒண்ணு அனுப்பறேன், பாருங்க."

கன்னிகா போனை வைத்தாள். காது சிவந்திருந்தது. "இவருகிட்ட நான் கேட்டேனா? என் தல, என் முடி. கேட்டேனா நான்?" என்று வீடு அதிரக் கத்தினாள். சோபாவில் உட்கார்ந்திருந்த ரவி செய்தித்தாளை முகத்துக்கு உயர்த்திக்கொண்டான். செய்தித்தாள் நெடுநேரம் குலுங்கியது.

நீங்களும் சிரித்திருப்பீர்கள். உங்களுக்கென்ன, சுருளும் இல்லை, சபதமும் இல்லை. காலையில் வெறும் வயிற்றில் ஏதோ ஒரு கஷாயம் குடிக்க ஆரம்பித்தீர்களே, அதை எவரிடமும் சொல்லாமல் எத்தனை நாள் இருந்தீர்கள் என்று மட்டும் நினைத்துப் பாருங்கள். அரிசியை விட்டவர்கள், செருப்பில்லாமல் புல்லில் நடப்பவர்கள், செம்புக் குடத்துக்காரர்கள் எல்லோரும் கன்னிகாவுக்குச் சொந்தக்காரர்கள்தான். 'நான் அப்படி இல்லை' என்கிறீர்களா? சரி. இதைப் படித்துக்கொண்டே வரும்போது நடுவில் எங்கோ ஒருவர் பெயர் உங்கள் மனதில் வந்தது. இதை அவள் கட்டாயம் படிக்க வேண்டும், படித்தால் அவளுக்குத்தான் நல்லது என்று தோன்றி, அனுப்புவதற்குக் கை செல்போனைத் தேடியது.

அவள் கேட்டாளா?